கலத்தினுள் ஒரு கவ்வாத்து
(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



1869இல் நமது மடுல்சீமையில் கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் தூள் படிந்திருக்கக் கண்டார்கள். அது ஒரு பங்கசு. சில பத்தாண்டுகளில் இலங்கையின் கோப்பி அழிந்து, அந்த மலைகளில் தேயிலை ஏறியது. கோப்பிக்குப் பருவத்தில் ஆள் போதும். கொழுந்துக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். வந்து போன நம் முன்னோர் பலர் லயங்களில் தங்கிவிட்டார்கள். ஆக, நம்மில் பலர் இங்கு பிறந்ததற்கு ஒரு பங்கசும் காரணம்!

செடிக்கும் பங்கசுக்குமான போரில் ஒரு முக்கிய ஆயுதம், கலம் தானே வெட்டிச் செய்யும் சிறிய ஆர்.என்.ஏ. டி.என்.ஏ.யிலிருந்து ஆர்.என்.ஏ., அதிலிருந்து புரதம் என்று வகுப்பில் படித்தோம். ஆனால் சில ஆர்.என்.ஏ. இழைகள் புரதமாவதில்லை. அவை நம் கொண்டை ஊசிபோல மடிந்துகொள்கின்றன. செடியின் கருவினுள்ளேயே டைசர் வகை நொதியம் ஒன்று, கவ்வாத்துக் கத்திபோல, தேவையற்றதை வெட்டி நீக்குகிறது. எஞ்சுவது ஏறத்தாழ 21 எழுத்து நீளமான இரட்டை இழை. அதில் ஒன்றை ஆர்கோனோட் என்னும் புரதம் ஏந்திக்கொள்ளும், மற்றது கழியும். அந்தத் துண்டோடு பொருந்தும் செய்தி ஆர்.என்.ஏ.யை ஆர்கோனோட் தேடிப்பிடித்து வெட்டும், அல்லது புரதமாகவிடாமல் தடுக்கும். நம் உடலிலோ முதல் வெட்டைக் கருவினுள் டுரோஷாவும், அடுத்ததை வெளியே டைசரும் செய்கின்றன.

இத்தகைய முதல் துண்டை ஒரு புழுவில் கண்டு 1993இல் எழுதிய கட்டுரையில் முதற்பெயர் ரோசலின்ட் லீ. புழுவின் விந்தை என்றே பலர் எண்ணினர். 2000இல் இன்னொரு துண்டு மனிதரிடமும் இருப்பது தெரிந்தது. 2024இல் நோபல் பரிசு, லீயின் கணவர் விக்டர் அம்புரோசுக்கும் கேரி ரவ்கனுக்கும் கிடைத்தது. மாணவிகளே, லீயின் பெயரையும் நினைவில் வையுங்கள்.

பழங்களை அழுகவைக்கும் ஒரு பங்கசு, தன் சிறு ஆர்.என்.ஏ.யைச் செடிக்குள் அனுப்பி, செடியின் ஆர்கோனோட்டையே பிடித்து, அதன் எதிர்ப்பை அடக்குவது 2013இல் தெரியவந்தது. செடியும் அவ்வாறே திருப்பி அனுப்புகிறது. அப்படியானால் நாமும் அனுப்பலாம் அல்லவா? 2023இல் அமெரிக்காவில் உருளைக்கிழங்கு வண்டுக்கு எதிரான ஆர்.என்.ஏ. தெளிப்புக்கு அனுமதி கிடைத்தது.

1946இல் இங்கு வந்த கொப்புள நோய் பிடிப்பது இளங்கொழுந்தை. அதற்கு நெடுங்காலமாகச் செம்பு மருந்து தெளித்து வருகிறோம். அதே கொழுந்தைக் கிள்ளுவது நம் அம்மாக்களின் வெறுங்கை. பங்கசை மட்டும் தாக்கி, அந்தக் கையை விட்டுவிடும் ஒரு தெளிப்பு வேண்டும். அதைத் தேடப் புறப்படுபவள் இந்தப் பாடசாலையின் ஆய்வுகூடத்திலிருந்து வரட்டும்.