வீட்டுக் கணினிக்கு ஒரு காவலாள்



மாரி மழை ஓய்ந்து, பெரும்போக நெற்பயிர் குடலைப் பருவத்தை எட்டும் நாட்களில், எங்கள் கட்டைபறிச்சான் வயல்வெளிகளிலே இராக்காவல் தொடங்கிவிடும். பரணிலே ஒருவர் விழித்திருப்பார். பன்றி எந்த வரம்பால் ஏறும், யானை எந்தப் பற்றைக்குள்ளிருந்து இறங்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. நல்ல காவற்காரனுக்கு முதியோர் மூன்று இலக்கணங் கூறுவர். அவன் உறங்கலாகாது, வரும் விலங்கின் வழியை அறிந்திருத்தல் வேண்டும், காவலுக்கென்று வந்து விளைச்சலிற் பாதியைத் தானே உண்டுவிடலாகாது.

வீட்டுக் கணினிக்குச் செலவின்றிக் கிடைக்கும் இலகுவான வைரஸ் எதிர்ப்புச் செய்நிரல் ஒன்றைத் தெரிந்தெடுப்பது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள். அம்மூன்று இலக்கணங்களும் இதற்கும் பொருந்தும் என்பதை நான் ஓர் இடரின் வாயிலாகவே கற்றுக்கொண்டேன். அதனை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

2006ஆம் ஆண்டின் இடப்பெயர்விலே எங்கள் பகுதிக் குடும்பங்கள் பல உடுத்த உடையோடு புறப்பட்டன. காணி உறுதிகளும், பழைய படங்களும், பிள்ளைகளின் சான்றிதழ்களும் வீடுகளோடு போயின. மீண்டு வந்த பின்னர், ஊரின் பழைய செய்திகளை முதியோர் வாயாற் கேட்டு எழுதி வைக்க முனைந்தேன். கோயில் வழமைகள், குளங்களின் பெயர்கள், வட்டைகளின் எல்லைகள், இன்னார்க்கு இன்னார் இன்ன முறை என்னும் உறவு விபரங்கள் என ஏறத்தாழ முந்நூறு பக்கங்கள் சேர்ந்தன. அவற்றை வீட்டுக் கணினியிலே தட்டச்சுச் செய்து வைத்தேன். சொன்னவர்களிற் பலர் இன்று நம்மோடு இல்லை.

அந்தக் கணினி வேறொருவர் பாவித்து விற்றது. 4 ஜிகாபைட் நினைவகமும், சுழலும் வன்தட்டும் கொண்டது. ஒரு நாள், கடை ஒன்றிலே அச்சிடக் கொடுத்த பென் டிரைவை மீண்டும் கொண்டுவந்து கணினியிற் செருகினேன். மறுநாட் காலையில் என் கோப்புறைகள் அனைத்தும் குறுக்குவழிப் படங்களாக மாறியிருந்தன. எதனை அழுத்தினும் எதுவும் திறக்கவில்லை. முந்நூறு பக்கமும் போயிற்று என்றே எண்ணினேன். இரண்டாந் தடவையும் ஊரை இழந்தாற் போன்ற உணர்வு அன்று எனக்கு உண்டாயிற்று.

பதற்றத்திலே பலரும் செய்வதையே நானுஞ் செய்தேன். இணையத்தில் ‘இலவசம்’ என்று கண்ட வைரஸ் எதிர்ப்புச் செய்நிரல்கள் மூன்றைத் தரவிறக்கி நிறுவினேன். ஒருவருக்கு மூவர் காவல் நின்றால் நன்றுதானே என்பது என் எண்ணம். விளைவு வேறாயிற்று. கணினி திறந்து முடியக் கால் மணி நேரம் பிடித்தது. அம்மூன்றிலே ஒன்று, “மீதி ஆபத்துகளை நீக்கப் பணம் செலுத்துக” என்று இடையறாது அறிவித்துக்கொண்டிருந்தது.

என் பழைய மாணவன் ஒருவன் வந்து பார்த்தான். பார்த்துவிட்டுச் சிரித்தான். “சேர், உங்கட எழுத்து ஒண்டும் அழியேல்ல, வைரஸ் எல்லாத்தையும் ஒளிச்சு வைச்சிருக்கு, அவ்வளவுதான். அதைவிட, நீங்க போட்ட மூண்டும்தான் இப்ப கணினியைக் கொல்லுது” என்றான். மூன்றையும் அகற்றினான். கணினியோடு கூடவே வந்து உறங்கிக் கிடந்த காவலை எழுப்பினான். மறைந்திருந்த கோப்புகளை வெளிக்கொணர்ந்தான். அன்று மாலையே எல்லாம் என் கண்முன் வந்தன. அவன் கற்பித்ததையும், அதன் பின்னர் நான் தேடி அறிந்ததையுமே இப்பொழுது சொல்லப்போகிறேன்.

வைரஸ் என்பது மனிதர் எழுதிய செய்நிரல். கணினிக்கு உரியவர் அறியாமலே இயங்கித் தன்னைத் தானே படியெடுத்துப் பரப்புவதால் அப்பெயர் பெற்றது. ஐ.பி.எம். வகைக் கணினிகளைத் தாக்கிய முதல் வைரஸ் எனக் கருதப்படும் ‘பிரெயின்’, 1986ஆம் ஆண்டிலே லாகூர் நகரத்துச் சகோதரர் இருவரால் எழுதப்பட்டது. அது நெகிழ்வட்டுகளின் வழியே கைக்குக் கை சென்றது. அன்று நெகிழ்வட்டு செய்த தூதினை இன்று பென் டிரைவும், மின்னஞ்சல் இணைப்பும், திருட்டு மென்பொருளும் செய்கின்றன.

எதிர்ப்புச் செய்நிரல் இதனை எவ்வாறு தடுக்கிறது? அதனிடம் அறியப்பட்ட தீய நிரல்களின் அடையாளப் பட்டியல் ஒன்று உண்டு. நாம் ஒரு கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும், அது முந்திச் சென்று அக்கோப்பை வாசித்துப் பட்டியலோடு ஒப்பிடுகிறது. பட்டியலில் இல்லாத புதியவனாயின் அவன் நடத்தையைக் கவனிக்கிறது. கணினியின் வேகம் குறைவதற்குக் காரணமும் இவ்வாசிப்பே. சுழலும் வன்தட்டிலே ஒரே வாசிப்பு முனை நமக்கும் காவலுக்கும் மாறி மாறி உழைக்க வேண்டியிருக்கிறது. இரண்டு செய்நிரல்களை நிறுவினால், இரண்டும் ஒரே கோப்பின் மீது பாய்கின்றன. ஒன்றின் பட்டியலைக் கண்டு மற்றொன்று வைரஸ் என்று வெருளவுங் கூடும். ஆதலால் முதல் விதி இதுவே: எப்பொழுதும் விழித்திருக்கும் காவல் ஒன்றே இருத்தல் வேண்டும்.

அவ்வொன்று எது? வெளியே தேடுமுன் உள்ளே இருப்பதை அறிதல் நன்று. மைக்ரோசொப்ட் நிறுவனம் 2009ஆம் ஆண்டிலே இலவச எதிர்ப்புச் செய்நிரல் ஒன்றைத் தனியாக வெளியிட்டது. 2012ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் 8 முதலாக, ‘டிபென்டர்’ என்னும் பெயரில் அக்காவல் கணினியோடு சேர்ந்தே வருகிறது. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றிலும் அது உண்டு. அதற்குக் கட்டணமில்லை, தனியே தரவிறக்கவும் வேண்டியதில்லை. வேறொரு காவலை நாம் நிறுவினால் அது தானே ஒதுங்கிவிடும்; மற்றதை அகற்றினால் மீண்டும் எழும். தொடக்கப் பட்டியைத் திறந்து ‘விண்டோஸ் செக்கியூரிட்டி’ என்று தட்டச்சுச் செய்தால், காவல் விழித்திருக்கிறதா, பட்டியல் எந்நாளிற் புதுப்பிக்கப்பட்டது என்னும் இரண்டையும் காணலாம். பழைய கணினியில் முழுச் சோதனை நெடுநேரம் பிடிக்கும் என்பது உண்மை. அதனை நாம் வேலை செய்யாத நேரத்திற்கு வைத்துக்கொண்டு, மற்றை நாட்களில் விரைவுச் சோதனையோடு நின்றுவிடலாம். சாதாரண வீட்டுத் தேவைக்கு இதுவே போதியது என்பது என் துணிபு.

வேறொன்றை விரும்புவோர் விளம்பரத்தை நம்பலாகாது. ஜேர்மனியின் மக்டெபேர்க் நகரத்து ஏவி-டெஸ்ட், ஒஸ்திரியாவின் இன்ஸ்புரூக் நகரத்து ஏவி-கொம்பாரட்டிவ்ஸ் ஆகிய நிறுவனங்கள் இச்செய்நிரல்களைச் சோதித்துப் புள்ளியிட்டு வெளியிடுகின்றன. அங்கே இரண்டு நிரல்களைச் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். ஒன்று, எத்தனை தீய நிரல்களைத் தடுத்தது என்பது; மற்றது, கணினியை எவ்வளவு தாமதப்படுத்தியது என்பது. இலகுவாயிருப்பது ஒன்றே தகுதியாகாது. திறந்த மூல நிரலாகிய கிளாம்ஏவி, விண்டோஸிலே நாம் ஏவும்போது தேடுமேயன்றித் தானே எந்நேரமும் விழித்திராது. அதனாற் பாரம் மிகக் குறைவு. உறங்குகின்ற காவற்காரனும் ஒரு பிடி சோற்றோடு அடங்கிவிடுவான் அல்லவா?

பின்னர் உங்கள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்க. நிறுவுமுன் கணினி திறந்து முடிய எத்தனை விநாடி, நிறுவிய பின் எத்தனை விநாடி என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். காவல் விழித்திருக்கிறதா என்பதை அறியவும் ஒரு வழி உண்டு. ‘ஐகார்’ எனப்படும் சோதனைக் கோப்பு 68 எழுத்துகளே கொண்டது. எவ்விதத் தீங்கும் செய்யாது. நல்ல எதிர்ப்புச் செய்நிரல்கள் அதனைக் கண்டதும் கூவ வேண்டுமென்பது உலக வழக்கு.

இலகுவான செய்நிரல்கள் சில, அடையாளப் பட்டியலின் பெரும்பகுதியைத் தொலைவிலுள்ள கணினிகளில் வைத்துக்கொண்டு, ஐயம் எழும்போது இணையத்தின் வழியே கேட்டறிகின்றன. நகரத்தில் இது நல்ல ஏற்பாடே. தொலைபேசிக்கு இட்ட டேட்டா முடிந்ததும் இணையமும் முடிந்துவிடும் எங்களைப் போன்றோர் வீடுகளில், அந்நேரம் காவலின் கண் மங்கிவிடும். எங்களுக்குப் பட்டியலை வீட்டிலேயே வைத்திருக்குங் காவலே உகந்தது. டிபென்டரின் புதிய பட்டியலை இணையமுள்ள வேறிடத்திலே தரவிறக்கி, நம்பத்தக்க பென் டிரைவிற் கொண்டுவந்தும் சேர்க்கலாம்.

இனி, மூன்றாம் இலக்கணம். காசு கேளாதவன் வேறு எதனை எடுத்துக்கொள்கிறான் என்று பார்த்தல் வேண்டும். செக் நாட்டில் தோன்றிய அவாஸ்ட், உலகெங்கும் கோடிக்கணக்கானோர் பாவித்த இலவசக் காவல். அதனைப் பாவித்தோர் இணையத்திலே எங்கெங்கு சென்றனர் என்னும் விபரங்களை, ஜம்ப்ஷொட் என்னும் துணை நிறுவனத்தின் வாயிலாக அது விற்றுவந்தமை வெளிப்பட்டது. 2020ஆம் ஆண்டிலே அத்துணை நிறுவனம் மூடப்பட்டது. 2024ஆம் ஆண்டிலே அமெரிக்க அரசின் வர்த்தக ஆணைக்குழு அவாஸ்ட் மீது 165 இலட்சம் டொலர் விதித்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை இது. இலவசச் செய்நிரல்கள் யாவும் இத்தகையன என்று நான் சொல்லவில்லை. நிறுவும்போது திரையில் வரும் கேள்விகளை வாசியாது ‘ஆம், ஆம்’ என்று அழுத்துவதே தவறு. வீட்டுப் பாவனைக்கு இலவசமானது பாடசாலைக்கும் கடைக்கும் இலவசமாயிருக்க வேண்டுமென்பதுமில்லை.

காவற்காரன் வல்லவனாயினும், வேலியில் ஓட்டை இருப்பின் அவன் என் செய்வான்? 2017 மே 12ஆந் திகதி பரவிய ‘வொனக்கிரை’, ஏறத்தாழ 150 நாடுகளிலே கணினிகளைப் பூட்டிவிட்டுப் பணயம் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் அவ்வாண்டு மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. திருத்தத்தை ஏற்காத கணினிகளே பெரும்பாலும் விழுந்தன. விண்டோஸ் 7க்கு இத்தகைய திருத்தங்கள் 2020 ஜனவரியோடும், விண்டோஸ் 10க்கு வழமையான திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியோடும் நின்றுவிட்டன. டிபென்டரின் பட்டியல் விண்டோஸ் 10க்கு 2028 வரையில் வருமென நிறுவனம் அறிவித்திருப்பினும், பட்டியல் வேறு, வேலி வேறு. கணினி இடந்தருமாயின் விண்டோஸ் 11க்கு மாறுக. இடந்தராத பழைய கணினிக்கு லினக்ஸ் மின்ட் போன்ற இலவச முறைமை ஒன்றை நிறுவலாம். தமிழிலே எழுதவும், கணக்குப் பார்க்கவும், இணையத்தை நாடவும் அது போதும்.

இறுதியாக ஒன்று. 2023ஆம் ஆண்டிலே நம் நாட்டு அரசாங்கத்தின் கணினி முகிலையே பணயம் கேட்கும் நிரலொன்று தாக்கியது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான அரச மின்னஞ்சல்கள் அழிந்தன. மீட்டெடுப்பதற்கு அக்காலத்துக்குரிய பிரதி இருக்கவில்லை. பழைய பதிப்பு மென்பொருளே அங்கு பாவனையில் இருந்தது. அரசாங்கத்துக்கே நேர்ந்த இழப்பு நம் வீட்டுக்கும் நேரலாம். எந்தக் காவலும் ஒரு நாள் கண்ணயரக்கூடும். ஆகவேதான் நெல்லை ஒரே பட்டறையில் வைக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை.

என் முந்நூறு பக்கமும் இன்று மூன்று இடங்களில் இருக்கின்றன. ஒரு பிரதி வீட்டுக் கணினியில். மற்றொன்று, எழுதிய பின் கழற்றிப் பெட்டியில் வைக்கும் புறத்தட்டில். மூன்றாவது, கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் திருகோணமலை நகரிலுள்ள என் மகளிடம். கழற்றி வைத்த தட்டினை வைரஸ் எட்டாது. மாதத்தில் ஒரு நாளைக் குறித்து வைத்துக்கொண்டு மூன்றையும் புதுப்பிக்கிறேன். அதற்கு அரை மணி நேரங்கூடச் செல்வதில்லை.

நேயர்களே, இன்றிரவு கணினியின் முன் அமரும்போது இரண்டு காரியங்களை மட்டும் செய்யுங்கள். காவல் ஒன்றே இருக்கிறதா, அதன் பட்டியல் எந்நாளிற் புதுப்பிக்கப்பட்டது என்று பாருங்கள். பின்னர், இழந்தால் மீண்டும் பெறவியலாத கோப்பு எதுவோ, பிள்ளையின் முதற் படமோ, தந்தையாரின் குரலோ, காணி உறுதியின் பிரதியோ, அதனை வேறோரிடத்திலே படியெடுத்து வையுங்கள்.