வாசலில் நின்ற ஜெபம்

(ஆதரவாளர்களின் ஸ்தோத்திரக் கூட்டத்தில் மருத்துவமனைப் போதகர் அளித்த செய்தி)



உங்கள் காணிக்கைகளுக்கு நன்றி சொல்லவே இங்கே நிற்கிறேன். அதற்கு முன் என் குற்றம் ஒன்றை அறிக்கையிட வேண்டும். 1990-களில் நான் இளம் போதகனாக இருந்தபோது, எச்.ஐ.வி. தொற்றுள்ள ஒரு வாலிபருக்காக ஜெபிக்க என்னை அழைத்தார்கள். நான் அறை வாசலிலேயே நின்று ஜெபித்துவிட்டுத் திரும்பினேன். தொட்டால் பரவாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கால் உள்ளே போகவில்லை. சில நாட்களில் அவர் மரித்தார். இயேசு குஷ்டரோகியைத் தொட்டதைப் பற்றிச் செமினரியில் பக்கம் பக்கமாக எழுதியவன் நான்!

என் பயம் ஓர் அறை வாசலோடு நின்றது. அதே பயம் சட்டமாக மாறினால் என்ன ஆகும்? கோவாவைப் பாருங்கள். எச்.ஐ.வி. உள்ளவரைக் கட்டாயமாகத் தனிமைப்படுத்த வேண்டும் என்று அங்குள்ள பொதுச் சுகாதாரச் சட்டம் சொன்னது. டொமினிக் டிசூசா என்ற இளைஞர் இரத்ததானம் செய்து வந்தவர். அவர் கொடுத்த இரத்தத்தில் தொற்று தெரியவந்தது. 1989 பிப்ரவரியில் போலீசார் அவரைப் பிடித்துப்போய், பழைய காசநோய் விடுதி ஒன்றில் அடைத்தார்கள். 64 நாட்கள் அங்கே இருந்தார். அவர் செய்த குற்றம் என்ன? பிறருக்கு இரத்தம் கொடுத்ததுதான்.

அவருடைய தாயார் லூசி டிசூசா உயர்நீதிமன்றத்தை நாடினார். மக்களும் குரல் கொடுத்தார்கள். சட்டத்தில் 'அடைக்க வேண்டும்' என்பது 'அடைக்கலாம்' என்றானது. ஆயினும் அந்த அதிகாரம் செல்லும் என்றே பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டொமினிக் 1992-ல் மறைந்தார்.

இப்படிப்பட்ட சட்டத்தால் யாருக்குப் பாதுகாப்பு? பரிசோதனைக்குப் போனால் போலீஸ் வரும் என்றால் யார் பரிசோதனைக்குப் போவார்கள்? தொற்று இருப்பதை அறியாதவர் மருந்து எடுக்கமாட்டார். இன்றோ, ஒழுங்காக மருந்து எடுத்து இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவின் மூலம் தொற்று பரவுவதில்லை என்று மருத்துவம் உறுதியாகச் சொல்கிறது. நோயைத் தடுப்பது மருந்தும் நம்பிக்கையும்தான், பூட்டு அல்ல.

"வேண்டுமென்றே பரப்புகிறவனை விட்டுவிடுவதா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வேண்டுமென்று தீங்கு செய்பவனைத் தண்டிக்கட்டும். ஆனால் நோயாளியாக இருப்பதையே குற்றமாக்கக் கூடாது. 1998-ல் உச்சநீதிமன்றம், தொற்றைப் பரப்புதல் பற்றிய பழைய தண்டனைப் பிரிவுகளைக் காட்டி, எச்.ஐ.வி. உள்ளவர் திருமணம் செய்வதே குற்றமாகும் என்ற கருத்தைச் சொன்னது. 2002-ல் அக்கருத்து தேவையற்றது என்று அதே நீதிமன்றம் விலக்கியது. அந்தப் பிரிவுகள் இன்று பாரதிய நியாய சன்ஹிதாவில் 271, 272 என்ற எண்களில் தொடர்கின்றன. ஆகவே விழிப்பு தேவை.

நன்மையும் நடந்திருக்கிறது. 2017-ல் நிறைவேறி 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், வேலையிலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது. சம்மதமின்றிப் பரிசோதிக்கக் கூடாது. இரகசியம் காக்க வேண்டும். தனிமைப்படுத்தி ஒதுக்கக் கூடாது. பிச்சையெடுக்கும் தொழுநோயாளியை வாரண்ட் இல்லாமல் பிடிக்க அனுமதித்த 1898-ஆம் வருஷச் சட்டம் 2016-ல்தான் நீங்கியது. சட்டங்கள் தாமதமாகவே மனந்திரும்புகின்றன. சபையும் தாமதிக்கலாமா?

அன்பானவர்களே, அரசு ஏ.ஆர்.டி. மையங்களில் மருந்து இலவசம். ஆனால் அங்கே போய்வரப் பஸ் கட்டணம் இல்லாதவர்கள் உண்டு. உங்கள் காணிக்கை அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அதோடு இன்னொன்றும் தாருங்கள். உங்கள் சபையில் ஒருவருடைய நோய் தெரியவந்தால் அதை ஜெபக்குறிப்பாக ஊரறியச் செய்யாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். கையைப் பிடித்து ஜெபியுங்கள்.

அன்று நான் பிடிக்காத அந்தக் கையை நீங்களாவது பிடியுங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.