சீன நண்பரிடம் அரசியல் பேசலாமா?



நம் சங்கத்தின் ஆண்டு விழா என்றால் இலக்கியம் பேசுவது வழக்கம். இந்த முறை இளைஞர் அணியினர் வேறொன்றைக் கேட்டார்கள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம்மில் பலருக்குப் பக்கத்து மேசையில் சீனாவிலிருந்து வந்த ஒருவர் இருக்கிறார். எல்லைச் சண்டை, திபெத், தைவான், ஹாங்காங் என்று செய்தி வருகிற நாளில் அவரிடம் அதைப் பேசலாமா, கூடாதா என்பது அவர்கள் கேள்வி. பேசலாம் என்பதுதான் என் பதில். வருடக்கணக்காகச் சேர்ந்து வேலை செய்துவிட்டு, சாப்பாட்டையும் வாடகையையும் தவிர வேறெதுவும் பேசாமல் பிரிவதை என்னால் நட்பு என்று சொல்ல முடியவில்லை. ஆனால் பேச்சை எங்கே தொடங்குகிறோம், அந்தப் பேச்சால் வரும் கஷ்டம் யார் தலையில் விழும் என்ற இரண்டையும் யோசித்த பிறகு பேச வேண்டும்.

என் ஊர் மல்லசமுத்திரம். திருச்செங்கோட்டுக்குப் பக்கம், பருத்தி ஏலத்துக்குப் பெயர் போன ஊர். "சீனாக்காரங்க பயந்தாங்கொள்ளிங்க, அரசாங்கத்தப் பத்தி வாயே தெறக்க மாட்டாங்க" என்று நம் ஆட்கள் சொல்லும்போதெல்லாம் எனக்குத் திருச்செங்கோடுதான் நினைவுக்கு வரும். நாமக்கல் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த பெருமாள்முருகன் 2010இல் 'மாதொருபாகன்' நாவலை எழுதினார். திருச்செங்கோட்டைக் களமாகக் கொண்ட கதை. நாலு வருடம் ஒன்றும் நடக்கவில்லை. 2014 கடைசியில் கதையை எதிர்த்தவர்கள் புத்தகத்தை எரித்தார்கள், அடுத்த மாதம் கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரி 12ஆம் தேதி நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் சமாதானப் பேச்சு என்று உட்காரவைத்து, நிபந்தனையில்லாமல் வருத்தம் தெரிவிக்கக் கையெழுத்து வாங்கினார்கள். எழுத்தாளர் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார்.

அந்த நாட்களில் ஊருக்குப் போன் போட்டால், படித்த சொந்தக்காரர்கள்கூடப் பேச்சை மாற்றினார்கள். "அந்தப் பேச்சு நமக்கு எதுக்குங்க, மாட்டுக்குத் தட்டு இல்லாம கெடக்குது" என்பார்கள். அவர்கள் கோழைகள் இல்லை. மறுநாள் காலையில் அதே தெருவில் பால் ஊற்றப் போக வேண்டியவர்கள். பேசினால் யார் காதில் விழும், அது எங்கே போய் முட்டும் என்று கணக்குப் பார்க்கிற அந்த மௌனம் எனக்கு நன்றாகத் தெரியும். அதே மௌனத்தை ஒரு சீன நண்பரின் முகத்தில் பார்க்கும்போது ஏளனம் செய்ய எனக்கு வாய் வருவதில்லை.

இதைச் சொல்வதால் இரண்டு நாடும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. பெருமாள்முருகன் வழக்கில் 2016 ஜூலை 5ஆம் தேதி சென்னை உயர்நீதிமன்றம் புத்தகத்தைத் தடை செய்ய மறுத்தது, எழுத்தாளர் திரும்ப எழுத வரட்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அவர் எழுத வந்தார். முட்டிப் பார்க்க நமக்கு ஒரு கதவு இருந்தது. 1989 ஜூன் 4ஆம் தேதி தியானன்மென்னில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்களுக்கு இன்றுவரை பெய்ஜிங்கில் அப்படி ஒரு கதவு இல்லை. அவர்களுக்காக ஹாங்காங் விக்டோரியா பூங்காவில் வருடா வருடம் ஏற்றிய மெழுகுவர்த்திக்கும் 2020இலிருந்து அனுமதி இல்லை.

ஆகவே ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் பேசிவிட்டுப் போய்விடுவோம், கேட்டவர் அப்படிப் போக முடியாது. அவருடைய அப்பா அம்மா அங்கே இருக்கிறார்கள். அவருடைய வீசாட் கணக்கு அவர் சொந்தப் பேரில் இருக்கிறது. இருபது பேர் இருக்கும் குழுவில் "சின்ஜியாங்கைப் பத்தி என்ன சொல்றீங்க?" என்று நாம் எழுதுவது நமக்குப் பொழுதுபோக்கு. அதற்கு அவர் எழுதுகிற பதில் அவர் பேரில் எங்கோ சேமிக்கப்படும். அவருடைய கம்பெனிக்காரர்கள் கூட இருக்கும் விருந்திலும் கேட்காதீர்கள். அங்கே அவர் சொல்லும் பதில் உங்களுக்கானது அல்ல, பக்கத்து நாற்காலிக்கானது. அதைக் கேட்டுவிட்டு "இவங்க எல்லாரும் ஒரே மாதிரிதான் பேசுறாங்க" என்று முடிவு கட்டுவது நியாயமே இல்லை.

இன்னொன்று, யாரைச் சீனர் என்கிறோம்? மூன்று தலைமுறைக்கு முன் புஜியானிலிருந்து வந்த ஹொக்கியன் குடும்பத்துப் பெண்ணிடம் போய், "உங்க நாடு ஏங்க அருணாசலப் பிரதேசத்தக் கேக்குது?" என்று கேட்ட ஒரு தமிழரை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்ணின் நாடு சிங்கப்பூர். அவளுடைய தம்பி இங்கே தேசிய சேவை செய்தவன். முகத்தைப் பார்த்து நாட்டை முடிவு செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் வரலாற்றிலேயே ஒரு பக்கம் இருக்கிறது, அதை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுக்கவில்லை. 1962 போர் வந்தபோது அசாமின் மாக்கும் போன்ற ஊர்களில் தலைமுறைகளாக வாழ்ந்த சீன வம்சாவளியினரை, இந்தியாவில் பிறந்தவர்களை, அசாமிய, பிற இந்தியத் தாய்மார்களின் பிள்ளைகளை, ரயிலில் ஏற்றி ராஜஸ்தானின் தேவளி முகாமில் அடைத்தார்கள். கிட்டத்தட்ட மூவாயிரம் பேர். சிலருக்கு ஐந்தாண்டு வரை விடுதலை கிடைக்கவில்லை. வெளியே வந்தபோது பலருடைய வீடும் கடையும் ஏலத்தில் போயிருந்தன.

அவர்களில் பலர் இன்னும் தேவளிக் கம்பிக்குள் இருந்த 1963 ஆகஸ்டில்தான் பெய்ஜிங் வானொலி தமிழில் பேச ஆரம்பித்தது. போர் நின்று ஒரு வருடம்கூட ஆகவில்லை. சேலம், நாமக்கல் பக்கத்துச் சனங்கள் சிற்றலையில் அதைத் தேடிப் பிடித்துக் கேட்டார்கள். பிற்பாடு தமிழ்நாடு முழுக்க நேயர் மன்றங்கள் கிளம்பின. சீன அறிவிப்பாளர்கள் கலையரசி, வாணி என்று தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டு செந்தமிழில் வணக்கம் சொல்வார்கள். எங்கள் சின்னத்தாத்தா ரேடியோவின் ஏரியலில் செம்புக் கம்பியைச் சுற்றி, அதை வேப்பமரம் வரைக்கும் இழுத்துக் கட்டியிருப்பார். கடிதம் எழுதிப் போட்டால் பெய்ஜிங்கிலிருந்து தபால்தலை ஒட்டிய உறை வரும். எங்களுக்கு அது திருவிழா மாதிரி. அவர் எழுதியதெல்லாம் நிலக்கடலை, மழை, பேத்தி கல்யாணம். அங்கிருந்தும் மழையைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். அது ஓர் அரசாங்கத்தின் குரல், தன் காயங்களை ஒருநாளும் காட்டாத குரல் என்பதை நான் மறக்கவில்லை. அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு மனுசி உட்கார்ந்து தமிழைக் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டு பேசினாள் என்பதையும் மறக்க முடியவில்லை.

2020 ஜூன் மாதத்துக்கு வருகிறேன். கோவிட் காலம், அலுவலக வேலையெல்லாம் வீடியோ அழைப்பில். கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையோடு நடந்த மோதலில் இந்திய வீரர்கள் இருபது பேர் இறந்த செய்தி வந்த மறுநாள் காலை, கூட்டம் முடிந்து எல்லாரும் வெளியேறிவிட்டார்கள். திரையில் நானும் ஹெனான் மாகாணத்துக்காரர் ஒருவரும் மட்டும் மிச்சம். இரண்டு பேருமே அழைப்பைத் துண்டிக்கவில்லை. அவர்தான் முதலில் கேட்டார்: "உங்க ஊர்க்காரங்க யாராவது இருக்காங்களா?" ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனியைப் பற்றிச் சொன்னேன். நாற்பது வயது, புது வீடு கட்டிப் பால் காய்ச்சிய நாளில்கூட ஊருக்கு வர முடியாதவர் என்றேன். எல்லைக்கோடு எங்கே போகிறது என்று நான் பேசவில்லை. "எங்க பக்கம் எத்தன பேருன்னு எங்களுக்குச் சொல்லல" என்றார் அவர். அவ்வளவுதான். நாலு பேர் இறந்தார்கள் என்று சீன அரசு சொன்னது 2021 பிப்ரவரியில். எட்டு மாதம் அந்தக் குடும்பங்கள் ஊரறிய அழக்கூட முடியாமல் இருந்திருக்கும். அந்தக் காலையில் நான் வரைபடத்தை விரித்திருந்தால் அவர் அரசாங்கத்தின் வாக்கியத்தைச் சொல்லியிருப்பார், நான் என் அரசாங்கத்தின் வாக்கியத்தைச் சொல்லியிருப்பேன்.

இந்த அவையில் யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் வந்த குடும்பங்கள் இருக்கின்றன. உங்கள் கோபம் வேறு வகை. 2009இல் முடிந்த போரில் இலங்கை அரசுக்குச் சீனா ஆயுதம் கொடுத்தது என்ற வலி அது. அந்த வலியை அடக்கிக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன். 2009 மே 27ஆம் தேதி ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இலங்கைக்கு ஆதரவான தீர்மானத்துக்குச் சீனாவும் வாக்களித்தது, இந்தியாவும் வாக்களித்தது. முள்ளிவாய்க்கால் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. அந்த வாக்குக்கு மல்லசமுத்திரத்துக்காரன் நான் எவ்வளவு பொறுப்போ, அவ்வளவுதான் ஹெனான்காரரும் பொறுப்பு. முள்ளிவாய்க்கால் எங்கே இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது. அதனால் குற்றம் சாட்டாதீர்கள், சொல்லுங்கள். உங்கள் சித்தி கடற்கரையில் எப்படி நடந்து வந்தார் என்று சொல்லுங்கள். அது அவர் நாட்டுச் செய்தியில் வராத விஷயம்.

நான் கேட்டதிலேயே ஆழமான அரசியல் பேச்சு, அரசியல் என்ற பேரில்லாமல் நடந்தது. எங்களோடு வேலை செய்த அன்ஹுய் மாகாணத்துப் பெண் ஒருவர், எனக்கு அக்கா வயது. ஒருநாள் தேநீர் நேரத்தில், உங்கள் பக்கம் பெண் பிள்ளை பிறந்தால் சந்தோஷப்படுவார்களா என்று கேட்டார். எங்கள் சேலத்துக் கதையை மறைக்காமல் சொன்னேன். அந்தக் கதை நடந்த காலத்தில் நாமக்கல்லும் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. பிறந்த பெண் சிசுவுக்கு எருக்கம்பாலும் நெல்மணியும் கொடுத்த கொடுமை எங்கள் சுற்றுவட்டாரத்தில் நடந்தது. 1992இல் அரசே தொட்டில் வைத்து, கொல்லாதீர்கள், எங்களிடம் விட்டுவிடுங்கள் என்று கேட்க வேண்டியிருந்தது. அந்தத் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியதே எங்கள் சேலத்தில்தான்.

அவர் வெகுநேரம் கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு தானாகவே சொன்னார். ஒரு குழந்தைக் கொள்கை நடப்பில் இருந்தபோது அவருக்குப் பின்னால் பிறந்த தங்கையை அம்மா இன்னொரு கிராமத்தில் அத்தை வீட்டில் விட்டு வளர்த்தாராம். கணக்கெடுக்க அதிகாரிகள் வரும் நாளில் அந்தப் பிள்ளைக்கு இந்த வீட்டில் பேரே கிடையாது. பாட்டி பேரன் கேட்டதால் அம்மா திரும்பக் கருவுற்றார், ஏழாம் மாதத்தில் வந்து கூட்டிப்போனார்கள். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 1980இலிருந்து 2015 வரை ஓர் அரசு கோடிக்கணக்கான வீடுகளுக்குள் புகுந்து செய்ததை எந்தக் கட்டுரையும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை. உங்கள் அரசாங்கம் கொடுமையானது என்று நான் தொடங்கியிருந்தால், அவர் தன் நாட்டுக்கு வக்கீலாக எழுந்து நின்றிருப்பார். எங்கள் வீட்டு அழுக்கை நான் முதலில் எடுத்து வைத்ததால், வக்கீல் வேலை இரண்டு பேருக்குமே இல்லாமல் போயிற்று.

இப்படிப் பேசினால் கருத்து ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்காதீர்கள். தைவான் விஷயத்தில் ஹெனான்காரர் தன் நாட்டுக் கொள்கையை உண்மையாகவே நம்புகிறார், பயத்தால் சொல்லவில்லை. அதை நான் ஏற்கவில்லை, அவரிடமே சொல்லியிருக்கிறேன். திருச்செங்கோடு பக்கம் 2015இல் கோகுல்ராஜ் என்ற தலித் இளைஞர் கொல்லப்பட்டதைப் படித்துவிட்டு, அந்தக் குற்றத்துக்குப் பின்னால் இருந்த சாதியை உங்கள் சங்கங்கள் ஏன் பேசுவதில்லை என்று அவர் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. இந்தச் சங்கத்தின் முன் இன்று அதை அப்படியே வைக்கிறேன்.

அடுத்த பொங்கலுக்குச் சீன நண்பர்களை அழைக்கப்போவதாகச் செயலாளர் சொன்னார். நல்ல காரியம். மேசைக்கு நாலு பேர் என்று சிறிதாக உட்காரவையுங்கள், மேடையில் ஏற்றி மைக்கைக் கொடுக்காதீர்கள். அவர்கள் பேசுவதைப் படம் எடுக்கக் கூடாது, முகநூலில் போடக் கூடாது என்று நம் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.