சாட்சி சொன்ன சோப்புக்கட்டி: சாகியின் ‘அந்தி’



முன்பின் அறியாதவரை ஒரு பார்வையிலேயே அளந்துவிடலாம் என்று கருதும் மனம் தன்னைத்தானே எவ்வாறு ஏமாற்றிக் கொள்கிறது என்பதைச் சில பக்கங்களுக்குள் காட்டும் சிறுகதை, ஆங்கில எழுத்தாளர் சாகியின் ‘அந்தி’. சாகி என்பது புனைபெயர். இயற்பெயர் ஹெக்டர் ஹியூ மன்ரோ. 1870இல் பர்மாவின் அக்யாப் நகரில் பிறந்த அவர், 1916இல் பிரான்சின் போர்க்களத்தில் மடிந்தார். 1914இல் வெளிவந்த அவருடைய தொகுதியில் இக்கதை உள்ளது.

மார்ச் மாத அந்திப்பொழுது. இலண்டன் ஹைட் பார்க்கின் ஓர் இருக்கையில் நார்மன் கார்ட்ஸ்பி அமர்ந்திருக்கிறான். தோற்றுப்போனவர்கள் ஒளி மங்கிய வேளையில்தான் வெளியே வருவார்கள் என்பது அவன் எண்ணம். பக்கத்திலிருந்த முதியவர் எழுந்து செல்ல, ஓர் இளைஞன் வந்து அமர்கிறான். அவன் தங்க எண்ணிய விடுதி இடிக்கப்பட்டுவிட்டதாம். வேறொரு விடுதியில் இறங்கிவிட்டுச் சோப்பு வாங்க வந்தவன், அதன் பெயரையும் தெருவையும் மறந்துவிட்டானாம். கையில் சில்லறையே மிச்சமாம். வாங்கிய சோப்பைக் காட்ட முடியவில்லையே என்கிறான் கார்ட்ஸ்பி. இளைஞன் பைகளைத் தடவிப் பார்த்துவிட்டு அகல்கிறான். பின்னர் இருக்கையருகே, கடைத்தாளில் சுற்றிய சோப்பு ஒன்று தரையில் கிடக்கிறது. கார்ட்ஸ்பி விரைந்தோடி, சோப்போடு ஒரு சவரனையும் தன் முகவரியையும் கொடுக்கிறான். சூழ்நிலையை வைத்து மனிதரை எடைபோடக் கூடாது என்ற பாடம் கற்ற நிறைவோடு திரும்புகிறான். அங்கே அந்த முதியவர் இருக்கையின் அடியில் தேடிக்கொண்டிருக்கிறார். அவர் தொலைத்தது சோப்பு.

கார்ட்ஸ்பி அறிவிலி அல்லன். அவன் கொண்ட ஐயம் சரியானது. கேட்ட சான்றும் சரியானது. சோப்பு மெய். அது இளைஞனுக்கு உரியது என்ற தொடர்பு மட்டுமே பொய். அத்தொடர்பை உண்டாக்கியவன் இளைஞன் அல்லன். பொய்யில் இருந்த ஓட்டையைக் கேட்டவனே அடைத்துக் கொடுத்தான்.

சற்றுமுன் அங்கிருந்த முதியவரின் நினைவு அவனுக்கு ஏன் வரவில்லை? அவரைப் பார்த்தவுடனேயே, உலகம் பொருட்படுத்தாதவர், வீட்டிலும் மதிப்பிழந்தவர் என்று அவர் வரலாற்றை மனத்துள் எழுதி முடித்திருந்தான். அச்சித்திரத்தில், கடைக்குச் சென்று தமக்கென ஒரு சோப்பு வாங்கும் மனிதருக்கு இடமில்லை. இளைஞனைப் பற்றிய பிழையால் ஒரு சவரன் போயிற்று. அதற்கு வேர், முதியவரைப் பற்றிய பிழையே.

பொய்யன் உண்மையை மறைத்து ஏமாற்றுகிறான். ஆசிரியரோ எதையும் மறைக்கவில்லை. முதியவர் வாசகரின் கண்முன்னேதான் எழுந்து செல்கிறார். வாசகரும் அவரை மறந்துவிடுகிறார். இறுதி வரியில் எழும் நகைப்பில் சிறிது வெட்கமும் கலந்திருப்பது இதனாலேயே.

வள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ என ஓர் அதிகாரமே வகுத்தார். அது அரசன் ஆளைத் தேர்வதற்கான நெறி. அங்கே ஆராயக் காலம் உண்டு. இருட்டும் வேளையில் உதவி கேட்பவன் முன் அந்த அவகாசம் இல்லை. அதனால், எவரையும் நம்பலாகாது என்பதே இக்கதையின் பாடம் என்று கொண்டால், நாளை உண்மையாகவே வழி தவறி வருபவன் இரவைத் தெருவில் கழிப்பான். ஒரு சவரனை இழப்பதைவிட அது பெரிய இழப்பு.

கவிஞர்கள் இக்கதையில் கருதத்தக்கது வேறொன்றும் உண்டு. தனித்திருக்கும் முதியவரைக் கண்டதும் அவர் துயரைப் பாடத் துடிப்பது இரக்கமே. ஆயினும் அவர் யாரென்று அறிய முற்படாத இரக்கம், கார்ட்ஸ்பியின் இரக்கமாகவே நின்றுவிடும். அந்த முதியவரிடம் அவன் பேசிய சொற்கள், ஏதேனும் தொலைத்தீர்களா என்ற ஒரு வினாவே. அதையும் காலங்கடந்து கேட்டான். முன்னரே பேசியிருந்தால், தான் எழுதி வைத்த வரலாற்றைத் திருத்திக்கொள்ள அவனுக்கு ஒரு வாய்ப்பேனும் கிடைத்திருக்கும்.