பள்ளிக்கு வேண்டிய விளையாட்டுக் கருவிகள்

பள்ளிக்கு ஊஞ்சலும் சறுக்குமரமும் வாங்குவதென்று தீர்மானித்தவுடன் நாம் முதலில் புரட்டுவது விலைப்பட்டியலைத்தான். தில்லியில் நாங்கள் பொறுப்பேற்றிருந்த ஒரு பள்ளியிலும் அவ்வாறே செய்தோம். படங்களைப் பார்த்து மயங்கிச் சறுக்குமரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். சேர்ந்த பணம் முழுவதும் அதற்கே செலவாயிற்று. தரைக்கென்று ஒரு காசும் மிஞ்சவில்லை. புழுதி எழாதிருக்க முன்பே இட்டிருந்த சிமெண்டுத் தளத்தின்மீதே அதை நிறுத்தினோம். மூன்றாம் மாதத்தில் ஒரு சிறுவன் ஏணியின் உச்சியிலிருந்து விழுந்து முழங்கையை முறித்துக்கொண்டான். குற்றம் சறுக்குமரத்தினுடையதன்று, எங்களுடையது.

ஆகவே, கருவிக்கு முன் தரையைக் கவனிப்போம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டிடமும் விளையாட்டுச் சாதனங்களும் வேண்டுமென்கிறது. விழும் குழந்தையைத் தாங்கும் தரையை நாமே அமைக்கவேண்டும். 4 அடி உயரத்திலிருந்து விழுவோருக்கு 9 அங்குல ஆழத்துக்கு மணல் வேண்டும் என்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்புக் குழுவின் கையேடு கூறுகிறது. கருவியைச் சுற்றி எப்புறமும் 6 அடிக்கு அம்மணல் பரவியிருத்தல் வேண்டும். நம் நாட்டு மழையில் மணல் இறுகிவிடும். நீர் வடிய வழியும், அடிக்கடி கிளறிவிட ஆளும் தேவை. சக்கர நாற்காலியோ மணலில் உருளாது. அதில் வரும் குழந்தைக்காக ஓரிடத்திலேனும் ரப்பர்த் தளம் இடவேண்டும்.

ஊஞ்சல் விழுங்கும் இடத்தைப் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை. 8 அடி உயரத்தில் தொங்கும் ஊஞ்சலுக்கு முன்னே 16 அடியும் பின்னே 16 அடியும் வெற்றிடமாக இருத்தல் வேண்டும். குறுகிய முற்றமுள்ள பள்ளி ஊஞ்சலை மறந்துவிடுவதே நல்லது. இடமிருப்பின், பலகையைவிட ரப்பர் இருக்கை மேலானது. குறுக்கே ஓடிவரும் குழந்தையின் நெற்றியில் பலகை பட்டால் என்னவாகும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

கம்பிகளின் இடைவெளியை அளவுகோல் கொண்டே பார்க்கவேண்டும். மூன்றரை அங்குலத்துக்கு மேலும் 9 அங்குலத்துக்குக் குறைந்தும் இருந்தால், உடல் நுழைந்து தலை சிக்கிக்கொள்ளக்கூடும். கடைக்காரர் வண்ணத்தைப் பற்றி மிக விரிவாகவே பேசுவார். இதைப் பற்றிப் பேச நாங்கள் கேட்டதில்லை.

தகட்டுச் சறுக்குமரம் வெயிலில் அடுப்பாகிவிடும். கோடையில் 40 பாகை செல்சியஸைக் கடக்கும் ஊர்களில் அதனை மரநிழலில் வைக்கவேண்டும். நிழல் இல்லையேல் வடக்கு நோக்கியாவது நிறுத்தவேண்டும்.

பணம் குறைந்த பள்ளிகள் பழைய டயர்களைப் பாதி புதைத்து ஏறி விளையாட அமைக்கின்றன. நல்ல யோசனைதான், குழந்தைகளுக்கும் அது மிகவும் பிடிக்கும். ஆனால் டயருக்குள் மழைநீர் தேங்கினால் டெங்குக் கொசு வளரும். அடியில் துளையிட்ட பின்னரே புதைக்கவேண்டும்.

எங்கள் சிமெண்டுத் தளத்தை மறு ஆண்டு உடைத்தெடுத்தோம். முதலிலேயே மணல் கொட்டியிருந்தால் ஆகியிருக்கும் செலவைக் காட்டிலும் அதிகமாயிற்று. இப்போது திங்கட்கிழமை தோறும் மணி அடிப்பதற்கு முன் பணியாளர் ஒருவர் மணலைக் கிளறி, குச்சியால் ஆழம் பார்த்து, ஏட்டில் குறித்து வைக்கிறார்.