மோதிரத்தின் பெறுமதி



சென் ஜேம்ஸ் ரவுணில் வருமானவரிப் பத்திரம் நிரப்ப வருகிறவர்கள் மோதிரத்தையும் கழற்றிக் காட்டுவதுண்டு. "அண்ணை, மதிப்பீட்டுப் பத்திரத்திலை 3,000 டொலர் எண்டு கிடக்கு. விக்கப் போனால் கால்வாசியும் தரமாட்டினமாம்." அந்த 3,000 காப்புறுதிக்கான தொகை. தொலைந்தால் புதிதாக வாங்க ஆகும் செலவு, விற்கும் விலையல்ல.

தங்கத்தை நீங்களே கணக்குப் பார்க்கலாம். உட்புறத்து முத்திரையைப் பாருங்கள். எங்கள் பவுண் நகை 22 கரட், 916. இங்கத்தைய மோதிரங்கள் பெரும்பாலும் 14 கரட் (585) அல்லது 10 கரட் (417). கல் நீங்கலாக 4 கிராம் நிறையுள்ள 14 கரட் மோதிரத்தில் சுத்தத் தங்கம் 2.34 கிராம்தான். அன்றைய கிராம் விலையால் பெருக்குங்கள். வாங்குகிறவர் அதிலும் கழிவு பிடிப்பார். செய்கூலியும் 13 வீத வரியும் போனது போனதுதான்.

வைரத்தில் கரட் என்பது தரமல்ல, நிறை; ஒரு கரட் 0.2 கிராம். அதோடு நிறம், தெளிவு, வெட்டு எல்லாம் பார்ப்பார்கள். ஆய்வுகூட வைரமும் உண்மையான வைரமே. ஆனால் 2016க்குப் பின் அதன் விலை மளமளவென்று விழுந்துவிட்டது. சான்றிதழ் இல்லாத பொடிக் கல்லுக்கு அடைவுகடையில் அநேகமாக ஒன்றுமில்லை.

விற்பதென்றால் இரண்டு மூன்று கடையில் கேளுங்கள். உங்கள் கண்முன்னே நிறுக்கச் சொல்லுங்கள்.