கடுதாசி மறைச்சதை போட்டோ சொல்லிடுச்சு

நடுவர் அவர்களே! இலக்கியத்தைத் தலையிலே தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிற எதிரணி அறிஞர்களே!

எனக்கு முன்னாலே பேசின அண்ணாச்சி, "ஓவியம் ஊமை, எழுத்துக்குத்தான் வாய் உண்டு"ன்னு சொல்லிட்டு உட்கார்ந்தார். ஒத்துக்கறேன் ஐயா. வாய் இருக்கிறதுதானே பொய் சொல்லும்? (சிரிப்பு, கைதட்டல்)

எங்க வீட்டுக் கதையையே சொல்றேன். 1984-லே என் தம்பி வெளியூர்லே தங்கிப் படிச்சான். வாரம் ஒரு இன்லேண்ட் லெட்டர் வரும். நலம், நலமறிய அவா, சாப்பாடு நன்றாக இருக்கிறது, கவலைப்பட வேண்டாம். அம்மா அதைத் தெருவுக்கே படிச்சுக் காட்டுவாங்க. ஒரு தடவை, ஹால் டிக்கெட்டுக்கு எடுத்த போட்டோவிலே ஒண்ணு மிஞ்சிப் போச்சுன்னு கவர்லே வச்சு அனுப்பிட்டான். அம்மா வாங்கிப் பார்த்தாங்க. ஒண்ணும் பேசலே. அவன் கன்னத்துக் குழியை விரலாலே தடவினாங்க. அன்னிக்கு ராத்திரியே அப்பாவை பஸ் ஏத்திட்டாங்க, ஒரு தூக்கு புளியோதரையோட. (சிரிப்பு) போய்ப் பார்த்தா, மெஸ் பணம் கட்ட முடியாம பிள்ளை ரெண்டு மாசமா ஒரு வேளைதான் சாப்பிட்டிருக்கான்.

சிரிச்சீங்க இல்லே? அது ஒரு வீட்டுப் பசி. இப்போ ஒரு நாட்டுப் பசி சொல்றேன்.

1943, வங்காளம். பசியிலும் அதையொட்டி வந்த நோயிலும் சுமார் 30 லட்சம் பேர் செத்தாங்க. அரசாங்கம் கடைசிவரைக்கும் அதைப் 'பஞ்சம்'னு சட்டப்படி அறிவிக்கவே இல்லை. கல்கத்தா நடைபாதையிலே விழுந்து கிடந்தவங்களை அப்புறப்படுத்த ஒரு அவசரச் சட்டம் போட்டாங்க. அதிலே அவங்களுக்கு வச்ச பேர் என்ன தெரியுமா? 'ஆதரவற்றோர்'. எவ்வளவு மரியாதையான சொல்! பசின்னு ஒரு வார்த்தை வரலே பாருங்க. எழுத்து செஞ்ச வேலை ஐயா இது.

அந்த வருஷம் ஆகஸ்ட் 22-ஆம் தேதி, வெள்ளைக்காரர் ஆசிரியரா இருந்த 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையே கல்கத்தா தெருவோரக் கோலத்தைப் படம் படமாப் போட்டுடுச்சு. தலையங்கம் எழுதினா மறுப்பு எழுதலாம். எலும்பும் தோலுமா உட்கார்ந்திருக்கிற ஒரு தாய்க்கு என்ன மறுப்பு எழுதறது?

இன்னும் கேளுங்க. ஜைனுல் ஆபிதீன்னு ஒரு ஓவியர். மட்டமான காகிதத்திலே கறுப்பு மையாலே வரைஞ்சார். ஒரு குப்பைத் தொட்டி. பக்கத்திலே மனுஷங்க. அவங்களோட காக்கா. யார் எச்சில் இலையை யார் பிடுங்கறாங்கன்னு நீங்களே பார்த்துக்க வேண்டியதுதான்.

சித்தபிரசாத்னு இன்னொருத்தர். நவம்பர் மாசம் மிட்னாப்பூர் மாவட்டத்திலே ஊர் ஊராப் போய் வரைஞ்சு 'பசித்த வங்காளம்'னு ஒரு சின்னப் புத்தகம் போட்டார். நேர்மையாச் சொல்லிடறேன், அதிலே எழுத்தும் இருந்தது. அவரே எழுதினார். (எதிரணியில் கைதட்டல்) தட்டுங்க, தட்டுங்க. அந்த எழுத்துக்கு யார் சாட்சி? பக்கத்திலே இருக்கிற படம்தானே!

"பஞ்சம் ஏன் வந்ததுன்னு படம் சொல்லுமா?"ன்னு அந்த அம்மா கேட்டாங்க. சொல்லாது. அதை அமர்த்தியா சென் எழுதித்தான் சொன்னார். தானியம் குறைஞ்சதைவிட, இருந்ததை வாங்கக் கூலிக்காரன் கையிலே காசில்லாததுதான் காரணம்னு நிறுவினார். பெரிய புத்தகம், மறுக்கலே. ஆனா அது வந்தது 1981-லே! முப்பத்தெட்டு வருஷம் கழிச்சு. அதுவும் எப்படி எழுதினார்? 1943-லே ஒன்பது வயசுப் பையனா சாந்திநிகேதன்லே அந்தப் பசியைக் கண்ணாலே பார்த்தவர் அம்மா அவர்! (பலத்த கைதட்டல்)

சித்தபிரசாத் புத்தகம் என்ன ஆச்சுன்னு சொல்லிட்டு உட்கார்ந்துடறேன். ஐயாயிரம் பிரதியையும் பறிமுதல் பண்ணி எரிச்சாங்க வெள்ளைக்காரங்க. ஒரே ஒரு பிரதியை அவங்க குடும்பத்திலே பேங்க் லாக்கர்லே வச்சுக் காப்பாத்தினாங்க. நம்ம வீட்டிலே லாக்கர்லே நகை வைப்போம். அந்த வீட்டிலே வச்சது பசி. 2011-லே அதை அப்படியே மறுபடி அச்சடிச்சாங்க.

நடுவர் மணி மேலே கை வச்சுட்டார்.